சிவப்பு மிதவை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு ஓவியர் பால் சின்யாக் வரைந்த ‘சிவப்பு மிதவை’ ஓவியத்தை இணையத்தில் பார்த்து மயங்கிவிட்டேன். தென் பிரான்ஸின் சான் திரோபே துறைமுகத்தின் அமைதியான ஒரு கணத்தை அப்படியே பிடித்துவிட்டார். அதன் அச்சுப்பிரதியை வரவேற்பறையில் மாட்டப்போகிறேன். சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம்? புள்ளி வைத்து வரைவது வெறும் உத்திதானே என்கிறார் என் நண்பர். அவருக்கு என்ன பதில் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சில நாட்களாக அந்த ஓவியமே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் உடனே எழுதுகிறேன். நண்பரை விடுங்கள். ஆனால் ‘கணத்தைப் பிடித்துவிட்டார்’ என்று நீங்கள் எழுதியதை விட முடியாது. வெளிச்சம் மாறுவதற்குள் கணத்தை அள்ளிக்கொள்ளத் துடித்தவர் இன்னொரு பிரெஞ்சு ஓவியரான மோனே. சின்யாக் கரையில் நீர்வண்ணக் குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அறைக்குள் அமர்ந்து எண்ணெய் வண்ணத்தைப் பொறுமையாக அடுக்கியவர். புள்ளி வைத்து வரையும் முறையைத் தொடங்கிவைத்த ஓவியர் சூரா அவருடைய நண்பர்; 1891இல் 31 வயதில் இறந்தார். மறு ஆண்டு சின்யாக் தன் பாய்மரப் படகில் சான் திரோபே வந்து சேர்ந்தார். இந்த ஓவியம் 1895இல் வரையப்பட்டது. அந்த அமைதியை அவர் தீற்றல் தீற்றலாகக் கட்டி எழுப்பினார்.

பள்ளி நாட்களில் மாலைக் கடலை வரைவதற்காக ஆரஞ்சையும் நீலத்தையும் குழைத்தேன். தாளில் சேறுதான் மிஞ்சியது. ஆசிரியர் திட்டினாரே தவிர, காரணம் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து, பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இந்த ஓவியத்தின் முன் நின்றபோதுதான் அது விளங்கியது. நெருங்கிப் பார்த்தால், மிதவையின் பிம்பம் நீரில் நெளியும் இடத்தில் ஆரஞ்சுத் தீற்றல்களும் நீலத் தீற்றல்களும் குழையாமல் அருகருகே கிடக்கின்றன. குழைத்தால் இரண்டும் செத்துவிடும். பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராயப்போய், குறை சாயத்தில் இல்லை, அதை ஒட்டியிருக்கும் நூலின் நிறத்தில்தான் இருக்கிறது என்று கண்டு, 1839இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். சின்யாக்கின் துறைமுகம் அந்த விதியின் மேல் நிற்கிறது. அங்கே நீர் அசையாமல் கிடக்க, பார்ப்பவரின் கண் ஓயாமல் உழைக்கிறது. இத்தனையையும் ‘கணம்’ என்ற ஒரு சொல்லால் துடைத்துவிடலாமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். மயங்கினேன் என்று கூச்சமில்லாமல் எழுதிய உங்கள் மேல் எனக்குப் பிரியம்தான். பிரதியை அவசியம் வாங்கி மாட்டுங்கள். சுவர் வெள்ளையோ சந்தன நிறமோ, உங்கள் விருப்பம். அழுத்தமான நீலம் மட்டும் வேண்டாம். அடித்தால், படத்திலுள்ள கடல் வெளிறிப்போகும்.