தொழில்மேல் இருக்கும் வெறியைத் தொழில்முனைவோர் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதினோரு வருஷமாகச் சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். முதல் ஆறு வருஷம் இந்த வெறி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "ராப்பகல் பார்க்காம உழைக்கிறான்" என்று யாராவது சொன்னால் பூரித்துப் போவேன்.

அப்போது ஒருநாள் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "ம்... சரிம்மா" என்றபடி ஒரு வாடிக்கையாளருக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். ரெண்டு வாரம் கழித்து நானே கூப்பிட்டு, "கண் ஆபரேஷன் எப்போம்மா?" என்றேன். "முடிஞ்சு நாலு நாளாச்சுப்பா. தேதி சொன்னேனே, நீயும் சரின்னியே" என்றார்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். கனடா உளவியலாளர் ராபர்ட் வலெரானும் அவர் குழுவினரும் 2003இல் ஆர்வத்தை இரண்டாகப் பிரித்து எழுதினார்கள். ஒன்றில் வேலை உயிராக இருக்கும், ஆனால் நினைத்தால் எழுந்து வர முடியும். மற்றதில் எழுந்து வந்தாலும் மனசு அங்கேயே உட்கார்ந்திருக்கும். தொழில் நன்றாகப் போனால்தான் நமக்கே நம்மேல் மதிப்பு. நான் இரண்டாவது ரகம். அதனால் வேலை நேரத்தை மட்டும் குறைத்துப் பார்த்தது எனக்குப் பலிக்கவில்லை. வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான்.

உருப்படியாக உதவியது ஒரு நோட்டு. வேலை முடியாவிட்டாலும், அடுத்து எப்போது என்ன செய்யப்போகிறோம் என்று திட்டம் போட்டுவிட்டாலே மனக் குடைச்சல் குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011இல் சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள். "பில்லிங் பிழையைப் பார்க்கணும்" என்று எழுதினால் ராத்திரி அது என்னை விடாது. "காலை 9:30, தள்ளுபடி போட்ட பில்லில் வரி எந்த இடத்தில் ரவுண்ட் ஆகிறது என்று ஓட்டிப் பார்" என்று எழுதினால் தூக்கம் வருகிறது. அவ்வளவு நுணுக்கமாக எழுத வேண்டும்.

நடைப்பயிற்சி எனக்குச் சரிப்படவில்லை, நடக்க நடக்க ஆபீஸ் நினைப்புதான். நீச்சல் கற்றுக்கொண்டேன். கவனம் பிசகினால் மூக்கில் தண்ணீர் ஏறிவிடும், வேறு எதையும் யோசிக்கவே முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வெறி நம்மோடு நிற்பதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் ஆரம்ப நாட்களில் ஊழியர்களின் கார் நம்பர்களை மனப்பாடமாக வைத்திருந்ததாகவும், வண்டிகளைப் பார்த்தே யார் எப்போது வந்தார், போனார் என்று தெரிந்துகொண்டதாகவும் பில் கேட்ஸ் 2016இல் ஒரு பிபிசி வானொலிப் பேட்டியில் சொன்னார். நிறுவனம் வளர்ந்த பிறகு அதைத் தளர்த்திக்கொள்ள வேண்டியிருந்ததாம். நானும் ராத்திரி பதினோரு மணிக்கு ஆபீஸ் சாட்டில் யார் பெயருக்குப் பக்கத்தில் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிகிறது என்று பார்த்தவன்தான். நான் பார்ப்பேன் என்று பயந்து எத்தனை பேர் கணினியை அணைக்காமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இப்போது சனி, ஞாயிறு வரும் அழைப்புகளை என் பங்குதாரர் பார்க்கிறார். நான் இல்லாமலே எல்லாம் நடந்ததைப் பார்த்தபோது முதலில் வலித்தது, நிம்மதி பிறகுதான் வந்தது.

புது வெளியீடு நெருங்கும் வாரங்களில் பழைய வெறி திரும்பத்தான் செய்கிறது. எந்தத் தேதி வரை என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவிடம் பேசும்போது லேப்டாப் வேறு அறையில் இருக்கும். போன வாரம் இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன் தேதி சொன்னார். அந்த நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.