உறுமுற நாய்க்கு யார்கிட்ட போறது?

கேள்வி: எங்க நாய்க்கு பத்து மாசம் ஆகுது. புதுசா யாராச்சும் வந்தா நடுங்கி ஒதுங்கும், கிட்ட போனா பாஞ்சு கடிக்க வருது. ட்ரெய்னர்கிட்ட விடலாமா?

பதில்: விடலாம், ஆனா அதுக்கு முன்னாடி கால்நடை டாக்டர்கிட்ட முழுசா செக் பண்ணிடுங்க, ஏன்னா காதுலயோ மூட்டுலயோ வலி இருந்தாக்கூட நாய் இப்படித்தான் சீறும், வலியோட இருக்கற நாய்க்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. டாக்டர்கிட்டயே நாய் நடத்தைக்குன்னு தனியா படிச்ச கால்நடை நிபுணர் யாராச்சும் இருக்காங்களான்னு கேளுங்க, பயம் ரொம்ப அதிகமா இருந்தா அவங்க பயிற்சியோட மருந்தும் சேர்த்து குடுப்பாங்க.

ட்ரெய்னர் விஷயத்துல உஷாரா இருங்க. பல இடத்துல யார் வேணா ட்ரெய்னர்னு போர்டு மாட்டிக்கலாம். அவர்கிட்ட நேரா கேளுங்க, நாய் தப்பு பண்ணா என்ன செய்வீங்கன்னு. ஷாக் காலர் (கரண்ட் ஷாக் குடுக்கற கழுத்துப் பட்டை), முள் பட்டை, அடக்கி படுக்க வைக்கறதுன்னு ஆரம்பிச்சா எழுந்து வந்துடுங்க. உங்க நாய் பயத்துல கடிக்க வருது, திமிர்ல இல்ல! உறுமறதுக்கு அடி வாங்குன நாய் உறுமறத நிறுத்திட்டு எச்சரிக்கையே இல்லாம கடிக்கலாம். நல்லவர்னா அது பயப்படாத தூரத்துல ஆளை நிக்க வச்சு, ஆளைப் பாத்ததும் புடிச்ச தீனி குடுத்து, மெதுவா தூரத்தக் குறைப்பார். மாசக்கணக்கா ஆகும். பத்து நாள்ல சரி பண்றேன்னு கேரண்டி குடுக்கறவர நம்பாதீங்க.

அதுவரைக்கும் விருந்தாளி வந்தா வேற ரூம்ல விடுங்க, வாயத் திறந்து மூச்சு விடற மாதிரி கூடை வடிவ வாய்மூடி மாட்டிக்க தீனி வச்சுப் பழக்குங்க.