பழைய தாவரவியல் நூலை வாங்கலாமா?

கேள்வி: தாவரவியலைச் சொந்த ஆர்வத்தில் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்த பாடநூல் ஒன்று பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கினால் ஏமாந்துபோவேனா?

பதில்: எதைப் படிக்க வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வேர், தண்டு, இலை ஆகியவற்றின் அமைப்புக்காக என்றால் தயங்காமல் வாங்குங்கள். நீரைக் கடத்தும் சைலமும் உணவைக் கடத்தும் புளோயமும் அன்று இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கோட்டோவியங்களும் பழைய நூல்களில்தான் தெளிவு. பளபளக்கும் ஒளிப்படங்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

சிக்கல் வகைப்பாட்டில்தான், அதாவது எந்தச் செடி எந்தக் குடும்பம் என்று பிரிப்பதில். முன்பு பல பாடநூல்கள் பின்பற்றியது 1862 முதல் 1883 வரை வெளிவந்த, பெந்தம், ஹூக்கர் என்ற இரு தாவரவியலாளர்களின் பெந்தம்–ஹூக்கர் முறையை. டிஎன்ஏ சான்றுகளைக் கொண்டு 1998இல் பூக்கும் தாவரங்களுக்கான ஏபிஜி (ஆஞ்சியோஸ்பெர்ம் பைலோஜெனி குரூப்) வகைப்பாடு வந்தது. அதன் நான்காம் வடிவம் 2016இல் வெளியானது. இதற்கிடையே எருக்கின் அஸ்கிளிபியடேசி குடும்பம் அப்போசைனேசிக்குள் அடங்கிவிட்டது. லில்லியேசியில் இருந்த வெங்காயமும் சோற்றுக்கற்றாழையும் வெவ்வேறு குடும்பங்களுக்குப் போய்விட்டன. வாங்கும் முன் பொருளடைவில் தேக்கைத் தேடிப் பாருங்கள். வெர்பினேசி என்றிருந்தால் பழைய வகைப்பாடு. துளசியோடு சேர்த்து லேமியேசி என்றிருந்தால் புதியது. தேர்வுக்குப் படிப்பவர்கள் மட்டும் பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். பெந்தம்–ஹூக்கர் முறையை இன்னும் கற்பிக்கும் இடங்கள் உண்டு.

மரபணு சார்ந்த பகுதிகளுக்குப் பழைய நூல் உதவவே உதவாது. ஒரு தாவரத்தின் முழு மரபணுத்தொகுதி முதன்முதலில் வெளியானதே 2000இல்தான், அராபிடாப்சிஸ் என்ற சிறு செடிக்கு.

இன்னொன்று: அச்சான ஆண்டைப் பார்த்து மயங்காதீர்கள். மறு அச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் கடைசியாகத் திருத்திய ஆண்டு இருக்கும். அதுதான் நூலின் உண்மையான வயது.

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாவர ஓவிய நூல் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். வண்ணப் படங்கள் எல்லாம் மங்கிய கறுப்பு வெள்ளையில் வந்திருக்கின்றன. திருப்பித் தரலாமா?

பதில்: விற்பனைப் பக்கத்தில் வண்ணப் படங்கள் என்று எழுதியிருந்தாலோ, வண்ணப் பக்கத்தைக் காட்டியிருந்தாலோ தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒன்றுமே சொல்லாமல் விற்றிருந்தால் வாதாடுவது கடினம். காப்புரிமை முடிந்த நூல்களை யாரோ வருடிய (ஸ்கேன் செய்த) கோப்பிலிருந்து, ஆர்டர் வந்த பிறகு அச்சிட்டுத் தருவது இப்போது பெரிய வியாபாரம். மடித்து வைத்த பெரிய படத்தைப் பிரிக்காமலேயே வருடியிருப்பார்கள். அதுவும் அப்படியே அச்சாகிவிடும். இனி வாங்கும்போது உள்பக்க மாதிரியைக் கேளுங்கள். அதற்கும் முன்னால் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்தில் தேடிவிடுங்கள். இத்தகைய பழைய நூல்கள் ஏராளமாக அங்கே, வண்ணத்திலேயே, இலவசமாகக் கிடைக்கின்றன.

கேள்வி: செடிகளை அடையாளம் காண உலகத் தாவரக் கலைக்களஞ்சியம் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் பகுதிக்கென்றே எழுதிய, பையில் அடங்கும் களக் கையேட்டை வாங்குங்கள். அதில், பண்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செடியின் பெயரைக் கண்டறிய உதவும் இனங்காணும் திறவுகோலும் கலைச்சொல் விளக்கமும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.