சூரிய மின்கலம் எந்த நாட்டின் சொத்து?

கேள்வி: உழைத்துக் கண்டுபிடித்த சூரிய மின்தொழில்நுட்பத்தைப் பிற நாட்டாருக்குக் கற்றுக்கொடுப்பது, ஒரு நாடு தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது ஆகாதா?

பதில்: கண்டுபிடித்த நாடு என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒளி பட்டால் மின்னோட்டம் பிறப்பதை 1839-இல் கண்டவர் பிரான்சின் எட்மண்ட் பெக்கரல். நடைமுறைக்கு உதவும் சிலிக்கான் மின்கலத்தை 1954-இல் செய்து காட்டியது அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். அண்மை ஆண்டுகள்வரை சந்தையில் மேலோங்கி நின்ற ‘பெர்க்’ (பின்புறத்தில் மெல்லிய படலம் பூசி மின் இழப்பைக் குறைக்கும்) வகைக் கலத்தை 1980-களில் உருவாக்கியது, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீனின் குழு. அவரிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்ற ஷி ஜெங்ரோங், 2001-இல் சீனாவின் ஊஷி நகரில் சன்டெக் என்ற சூரிய மின்கல நிறுவனத்தைத் தொடங்கினார். அத்தகைய ஆலைகள் பெருகுவதற்கு வேண்டிய சந்தையைத் திறந்துவிட்டதோ, சூரிய மின்சாரத்துக்கு 20 ஆண்டுகள் நிலையான கொள்முதல் விலையை உறுதிசெய்த ஜெர்மனியின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம்.

இதில் இழப்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஜெர்மனியின் சூரிய மின்கல நிறுவனமான கியூ-செல்ஸ் 2012-இல் நொடித்துப்போய்த் தென்கொரியாவின் ஹன்வா குழுமத்தின் கைக்கு மாறியது. இத்தகைய சரிவுகளில் வேலை இழந்தவர்களின் வேதனை உண்மையானது. ஆனால் 2010-க்கும் 2020-க்கும் இடையில் சூரியப் பலகையின் விலை ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குறைந்ததும் இதே பகிர்வின் விளைவுதான். எந்த ஒரு நாடும் கதவை அடைத்துக்கொண்டு தனியாக அதைச் சாதித்திருக்க முடியாது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

தாங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. காப்புரிமை ஆவணத்தைப் படித்துவிட்டு எவரும் மின்கலம் செய்துவிட முடியாது. சூளையின் வெப்பத்தை எந்த அளவில் நிறுத்துவது, மின்னோட்டத்தைத் திரட்டும் வெள்ளிப் பசையை எவ்வளவு மெல்லிய கோடாக அச்சிடுவது, சிலிக்கான் சில்லு ஏன் விரிசல் விடுகிறது என்பதெல்லாம் பழகிய கைகளில்தான் இருக்கின்றன. அந்தக் கைகள் எல்லை கடக்கும்போதுதான் அறிவும் கடக்கிறது. ஆகவே ஆராய்ச்சி மாணவரின் வருகையைத் தடுப்பது, பிறருக்குப் போகும் வழியை மட்டுமன்றி நமக்கு வரும் வழியையும் அடைத்துவிடும்.

காற்றாலையையும் பாருங்கள். டென்மார்க்கின் கெட்சரில் யோஹானஸ் யூல் 1957-இல் நிறுவிய 200 கிலோவாட் காற்றாலை, 1967-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவின் நாசா அதன் அளவீடுகளை நாடியபோது, 1970-களின் பிற்பகுதியில் அது மீண்டும் இயக்கப்பட்டு இரு நாட்டாரும் சேர்ந்து அதைச் சோதித்தார்கள். பகிர்ந்துகொண்டதால் டென்மார்க் பின்தங்கிவிடவில்லை. அந்நாட்டின் வெஸ்டாஸ் இன்றும் உலகின் முன்னணிக் காற்றாலை நிறுவனங்களுள் ஒன்று.