ஊஞ்சல் அறையும் ஐந்து லட்சமும்

கேள்வி: மண்டபம் எனக்குச் சொந்த ஊர், துபாயில் வேலை. விடுமுறையில் வந்திருக்கிறேன். முதல் திருமண நாளுக்காகச் சென்னையில் பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்து நடத்தும் பூட்டிக் ஹோட்டலில், ஆப் வழியாக இரண்டு இரவுக்கு 18,400 ரூபாய் கட்டினேன். ரயில் பெட்டி மாதிரி அறை, தனி மொட்டைமாடி, அதில் ஊஞ்சல் என்று படம் போட்டிருந்தார்கள். கிடைத்ததோ தரைத்தளத்தில் ஜன்னல் திறக்காத வேறு அறை. ரிசப்ஷனில் கல்யாணச் சான்றிதழ் கேட்டு என் மனைவியை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தார்கள். அவள் அழுதுவிட்டாள். இரவே கிளம்பி தாம்பரத்தில் உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் சேது எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பினோம். பணம் திரும்பக் கிடைக்காது என்கிறது ஹோட்டல். ஹோட்டலைக் கேளுங்கள் என்கிறது ஆப். மன உளைச்சலுக்கு 10 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? அவமானப்படுத்தியதற்குப் போலீஸ் புகார் கொடுக்கலாமா? மேனேஜரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் அனுப்பியதில் வழக்குக்கு உதவுவது ஒரே ஒரு வரி. இரவு 9.40-க்கு மேனேஜர் அனுப்பியது: "அந்த ரூம் வேற கெஸ்ட்டுக்குக் கொடுத்தாச்சு சார், இன்னைக்கு இதுல அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." காசு வாங்கிய அறையைக் கொடுக்கவில்லை என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த வரி இல்லையென்றால், நீங்களாகவே அறையைக் காலி செய்து போய்விட்டீர்கள் என்று ஹோட்டல் சொல்லும், அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

மற்றதை விட்டுவிடுங்கள். அடையாள அட்டை கேட்பது ஹோட்டலின் வேலை. கல்யாணச் சான்றிதழ் கேட்டது அநாகரிகம்தான், ஆனால் அதை வைத்துக் கிரிமினல் வழக்கு நிற்காது. அப்படியே நின்றாலும், உங்கள் மனைவி சாட்சி சொல்லச் சென்னைக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், நீங்கள் துபாயில் இருப்பீர்கள்.

இப்போது அதே உரையாடலில் கொஞ்சம் கீழே வாருங்கள். மறுநாள் காலை நீங்கள் எழுதியது: "அஞ்சு லட்சம் அனுப்பு. இல்லைன்னா ரிசப்ஷன் வீடியோவை ரீல்ஸ்ல போட்டு உன் ஹோட்டலை மூட வைக்கிறேன்." உங்கள் கேள்வியில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குக் கவலை இதில்தான்.

ஒருவரின் பெயரைக் கெடுப்பேன் என்று பயமுறுத்திப் பணம் கேட்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (ஐபிசி-க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 308-ஆம் பிரிவுக்குள் வரும். பணம் கைக்கு வந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பறிப்பதற்காகப் பயமுறுத்தியதற்கே 308(3)-இல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடலாம். "எனக்கு வரவேண்டிய பணத்தைத்தானே கேட்டேன்" என்பீர்கள். உங்களுக்கு வரவேண்டியது 18,400. மீதி 4,81,600-க்கு என்ன கணக்குச் சொல்வீர்கள்?

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துபவர்களும் என்னிடம் வருவதுண்டு, அதனால் எதிர்ப்பக்கம் எப்படி யோசிக்கும் என்று எனக்குத் தெரியும். இப்படி ஒரு மெசேஜ் வந்தால் அவர்கள் பதில் எழுத மாட்டார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். உங்கள் வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேருகிற நாளில்தான் அதை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார்கள். அறை வாடகையைக் கேட்டுப் போனவர்கள் அதைவிட அதிகமாக முன்ஜாமீனுக்குச் செலவழித்ததைப் பார்த்திருக்கிறேன். விடுமுறை முடிந்து விமானம் ஏற வேண்டியவருக்கு இது கூடுதல் தலைவலி.

உடனே அந்த மெசேஜை அழிக்கத் தோன்றும். அழிக்காதீர்கள். அவர்களிடம் அது இருக்கிறது. 9.40 மணி வரியை மட்டும் வெட்டி நீங்கள் தாக்கல் செய்தால், முழு உரையாடலையும் அவர்கள் தாக்கல் செய்வார்கள். அதன்பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். உங்களைக் காப்பாற்றுகிற வரியும் கவிழ்க்கிற வரியும் ஒரே போனில் இருக்கின்றன, பிரிக்க முடியாது. வீடியோவையும் வெளியிட வேண்டாம். அதில் இருக்கும் ரிசப்ஷன் பெண் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். அவதூறுக்கு அதே சட்டத்தில் 356-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. சொன்னது உண்மை என்றால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். முதல் நாள் அஞ்சு லட்சம் கேட்டவர் அதை எப்படிக் காட்டுவார்?

சரி, வழக்குக்கு வருவோம். ஹோட்டல் விதிமுறையில் "சென்னை நீதிமன்றங்கள் மட்டும்" என்று இருந்தாலும் கவலையில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில், அதாவது ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. கட்டணம் இல்லையே என்று 10 லட்சம் கேட்காதீர்கள். 18,400-க்கு 10 லட்சம் என்றால் மனுவைப் படிப்பவருக்கே உங்கள் மேல் சந்தேகம் வரும். "பணம் திரும்பத் தரப்படாது" என்ற விதியை நியாயமற்ற ஒப்பந்தம் என்று எழுதிவிடாதீர்கள். அந்த வகைப் புகாரை மாவட்ட ஆணையம் எடுக்க முடியாது, மாநில ஆணையத்துக்குப் போ என்பார்கள். சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்று எழுதினால் போதும். ஆப்பையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். மனைவியையும் மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். சேவையை அனுபவிக்க வந்தவர் என்ற முறையில் அவரும் நுகர்வோர்தான், நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் வழக்கு நடக்கும். அன்றிரவு வேறு ஹோட்டலில் தங்கியிருந்தால் அந்த பில்லும் கணக்கில் வந்திருக்கும். உறவினர் வீடு என்பதால் அது இல்லை.

இவ்வளவும் சொன்னாலும், என் கட்சிக்காரராக இருந்தால் வழக்கே வேண்டாம், சமரசம் போதும் என்பேன். கூப்பன், இலவச இரவு எதையும் வாங்காதீர்கள். 18,400-உம் இருவரின் ரயில் கட்டணமும் கொடுத்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். போலீஸுக்குப் போக மாட்டோம் என்று எழுதி வாங்கப் பார்க்காதீர்கள், அது செல்லாது. இந்தத் தங்கல் தொடர்பாக இரு தரப்புக்கும் வேறு கோரிக்கை இல்லை, காலை அனுப்பிய மெசேஜைத் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டு வரி எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் போதும். வேலை வெட்டி உள்ள எந்த மேனேஜரும் அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்குப் போக மாட்டார்.

அதுவரை மேனேஜருக்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டாம் தம்பி, மன்னிப்புகூட. எழுதுவதை வக்கீல் எழுதட்டும், ஸ்பீட் போஸ்ட்டில். மனு போட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, டிக்கெட் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.