படம் எடுத்து முடித்த மேஜை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலையில் இருக்கிறேன். எங்களிடம் அடிக்கடி ஃபுட் இன்ஃப்ளூயன்சர்கள், அதாவது சாப்பாட்டைப் பற்றி இணையத்தில் வீடியோ போடுகிறவர்கள், வருவார்கள். முதலாளியே அழைப்பார், பில் கிடையாது. வருவது இரண்டு பேர், மேஜையில் மெனுவில் பாதி இருக்கும். மேலிருந்து ஒரு ஷாட், பக்கத்திலிருந்து ஒரு ஷாட், ஒவ்வொன்றிலும் ஒரு வாய், அவ்வளவுதான், கிளம்பிவிடுவார்கள். மிச்சத்தைக் கொட்டுவது என் வேலை. முதலாளியிடம் சொன்னால், "அது விளம்பரச் செலவும்மா, வீடியோ வந்தால்தான் கூட்டம் வருகிறது" என்கிறார். கூட்டம் வருவதும் உண்மைதான். அப்படியானால் என் கோபம் தப்பா? அந்தச் சாப்பாட்டை இல்லாதவர்களுக்காவது கொடுக்கக் கூடாதா?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கோபத்தில் தப்பே இல்லை. ஆவி பறக்கக் கொண்டுபோய் வைத்ததைச் சற்று நேரத்தில் குப்பைத்தொட்டியில் கவிழ்க்கும் கைக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாமே என்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் அந்த மேஜையில் இருப்பதைக் கொடுக்க முடியாது. சமைத்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் இருக்கும்போது கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு விதி. படம் எடுக்கும் மேஜையில், எல்லாம் வந்து சேரும்வரை முதலில் வந்தது ஆறிக்கொண்டிருக்கும். அப்புறம் விளக்கு, கோணம், இன்னொரு டேக். நடுவில் கரண்டி பட்டு எச்சிலாகியிருக்கும். பக்கத்து மேஜைக்காரருக்கு வைக்கத் துணியாததைப் பசித்தவருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? கிச்சனிலேயே மீந்துபோனதை, மேஜைக்கு வராததை, சூடு குறையாமலோ உடனே குளிர வைத்தோ கொடுக்கலாம். அது வேறு கணக்கு.

மேஜைக்கு வந்துவிட்டதற்கு இருப்பது ஒரே வழி, வந்தவர்களே பார்சல் வாங்கிப்போய்ச் சாப்பிடுவது. பிரான்சில் 2021 ஜூலை முதல், வாடிக்கையாளர் கேட்டால் மீதியைக் கொண்டுபோக உணவகம் டப்பா கொடுத்தாக வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் டப்பா கேட்பவர் சாப்பிட நினைப்பவர். இன்னொரு உணவகத்தில் இன்னொரு வீடியோ எடுக்க ஓடுகிறவர் டப்பாவை என்ன செய்வார்?

அதனால் கொட்டும் நேரத்தில் இதற்குத் தீர்வு கிடையாது. ஆர்டர் எடுக்கும்போதே எல்லாம் முடிவாகிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் உங்கள் முதலாளியின் பதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விளம்பரச் செலவு என்று எழுதிவிட்டால் அந்த உணவு வீணாக்கக் கணக்கிலேயே வராது. யாரும் எடை பார்க்கமாட்டார்கள், கேட்கமாட்டார்கள். உணவகத்தில் முக்கியமாக மூன்று வகையில் உணவு வீணாகிறது: நறுக்கும்போது கழிவது, சேமிப்பில் கெடுவது, தட்டில் மிஞ்சுவது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மூன்றிலும் அதிக நஷ்டம் தட்டில் மிஞ்சுவதுதான். விளைய வைத்த தண்ணீர், வண்டி டீசல், அடுப்பு எரிவாயு, சமையல்காரரின் உழைப்பு, உங்கள் உழைப்பு எல்லாம் அதில் சேர்ந்தபின் அது குப்பைக்குப் போகிறது. இத்தனையும் அந்த வீடியோவுக்குத் தேவையா? கேமராவுக்கு வேண்டியது பார்வை. ருசி சொல்பவருக்கு வேண்டியது நான்கைந்து வாய். இரண்டுக்கும் எல்லா ஐட்டத்திலும் முழு அளவு வேண்டியதே இல்லை. முழு அளவு வருவதற்குக் காரணம், அப்படித்தான் வர வேண்டும் என்று இரு தரப்பும் பேசாமலே ஒப்புக்கொண்டிருப்பதுதான்.

அளவைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணானது. நுகர்வோருக்கு வந்து சேரும் உணவில் அது சுமார் 19 சதவீதம். அதில் 60 சதவீதம் வீடுகளில், 28 சதவீதம் உணவகம், கேட்டரிங் போன்ற இடங்களில். இன்ஃப்ளூயன்சர்களின் மேஜை இதில் மிகச் சிறிய துளியாகத்தான் இருக்கும். வீட்டில் நாம் எறிவதுதான் பெரிது.

ஆனாலும் நான் அதை விடமாட்டேன். என் வீட்டுக் குப்பையை யாரும் பார்த்து ஆசைப்படுவதில்லை. அந்த மேஜையை லட்சம் பேர் பார்க்கிறார்கள். இரண்டு பேருக்கு இவ்வளவு வாங்குவதுதான் சந்தோஷம் என்று மனதில் பதிகிறது. மீதி என்ன ஆனது என்பது எந்த வீடியோவிலும் வருவதில்லை. வீடியோ பார்த்து வரும் கூட்டம் "அதே மாதிரி எல்லாம் கொண்டுவாங்க" என்று கேட்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே மிஞ்சுவது விளம்பரச் செலவில்கூட வராது.

சீனா 2021 ஏப்ரலில் உணவு வீணாக்கத்துக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தது. மிதமிஞ்சித் தின்று காட்டும் வீடியோக்களை வெளியிடுகிறவர்களுக்கு 1 லட்சம் யுவான் வரை அபராதம். எல்லோரும் பேசியது இதைத்தான். எனக்குப் பிடித்தது அதிலேயே உள்ள இன்னொரு பிரிவு. தேவைக்கு மேல் ஆர்டர் செய்யத் தூண்டும் உணவகத்துக்கும் 10,000 யுவான் வரை அபராதம் உண்டு. வீடியோவைத் தடுப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது, அந்த அதிகாரம் வேறு எங்கெல்லாம் போகுமோ தெரியாது. ஆனால் அழைக்கிறவருக்கும் பொறுப்பு உண்டு என்பது நியாயம்.

இன்ஃப்ளூயன்சர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. ஒன்றைக் கேட்டு, சாப்பிட்டு முடித்து, அடுத்ததைக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ருசியைப் பற்றி உருப்படியாகச் சொல்வதும் பெரும்பாலும் அவர்கள்தான், ஏனென்றால் அவர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் வேலைக்கு ஆபத்து வராத வழியாகச் சொல்கிறேன். படம் எடுக்கும் மேஜையில் மிஞ்சுவதை ஒரு மாதத்துக்குத் தனி வாளியில் போட்டு எடை பாருங்கள். சமையல்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அந்த எடையை முதலாளியிடம் காட்டிவிட்டு இரண்டே விஷயம் கேளுங்கள்: முழு அளவில் ஒன்றோ இரண்டோ, மற்றதெல்லாம் சின்னக் கிண்ணத்தில். அழைக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும், வந்து உட்கார்ந்தபின் சொன்னால் சங்கடம். வீடியோவின் அழகு இதனால் குறையாது, அவருக்குச் செலவும் மிச்சம்.

எடையைப் பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.