சிறுநீரில் கதிரியக்கம்: கேள்வி-பதில்

கதிரியக்கப் பொருட்களோடு வேலை செய்பவர்களின் உடலில் அவை சேர்ந்திருக்கின்றனவா என்று சிறுநீரைச் சோதிக்கும் ஆய்வகத்தாருக்கு.

கே: தோரியத்துக்கு ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் சேர்க்கிறோம். ட்ரீடியத்துக்கும் (கதிரியக்க ஹைட்ரஜன்) அப்படி 24 மணி நேரச் சிறுநீர் வேண்டுமா?

ப: வேண்டாம். சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வருவதில் ஒரு மி.லி. போதும். சிண்டிலேஷன் காக்டெயிலில் (கதிர் பட்டால் ஒளிரும் திரவம்) கலந்தவுடன் எண்ணாதீர்கள். சில மணி நேரம் இருட்டில் இருக்கட்டும்.

கே: எந்தத் தனிமம் என்று பிரிக்காமல், வரும் பீட்டா கதிர் அனைத்தையும் எண்ணும் மொத்த பீட்டா எண்ணிக்கை போதாதா?

ப: போதாது. நாளொன்றுக்கு 2, 3 கிராம் பொட்டாசியம் சிறுநீரில் போகிறது, அதில் இயற்கையாகவே கதிரியக்கம் உண்டு, கிராமுக்கு சுமார் 30 பெக்கரல் (நொடிக்கு 30 அணுச் சிதைவு). நீங்கள் எண்ணுவது அதைத்தான்.

கே: மணவாளக்குறிச்சி மாதிரி மோனசைட் (தோரியம் உள்ள கனிமம்) மணலில் வேலை செய்பவர் ஒருவருக்குத் தோரியம் திடீரென்று பத்து மடங்கு. கருவிக் கோளாறா?

ப: கருவியை விடுங்கள், பாட்டில் எங்கே நிரப்பப்பட்டது? அதை எழுதவே இல்லையே! 0.1 மி.மீ. அகல மோனசைட் மணி ஒன்றில் தோரியம்-232 மட்டும் ஏறக்குறைய ஒரு மில்லி பெக்கரல் இருக்கும். நாம் தேடுவதும் அந்த அளவுதான். வேலை உடுப்போடு, கை கழுவாமல் பாட்டிலைத் திறந்தால் ஒரு மணல் மணி உள்ளே விழ எவ்வளவு நேரம்? விடுமுறை நாளில், குளித்த பிறகு, வீட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். எத்தனை முறை எழுதினாலும் கேட்பாரில்லை.

24 மணி நேரச் சிறுநீர் என்றால், காலையில் வரும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை அத்தனையும் சேர வேண்டும். 500 மி.லி. மட்டும் வந்தால் கிரியாட்டினின் (நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவு) பாருங்கள். ஆணுக்கு ஒன்றரை கிராம் வரவேண்டிய இடத்தில் அரை கிராம் என்றால் அது எட்டு மணி நேர மாதிரிதான். கண்ணாடி வேண்டாம், பாலிஎதிலீன் பாட்டில். அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதை விட்டு மேல்தெளிவை ஊற்றுகிறீர்கள். தோரியம் பாஸ்பேட்டோடு அடியிலேயே தங்கிவிடும். நைட்ரிக் அமிலம் விட்டுக் கரைத்து, காலிப் பாட்டிலையும் அமிலத்தால் அலசிச் சேருங்கள். தோரியம்-229 ட்ரேசரை (வழியில் எவ்வளவு தொலைந்தது என்று காட்ட, அளவு தெரிந்து சேர்ப்பது) பிறகுதான் விடுகிறீர்கள். அதற்கு முன் தொலைந்ததை அது காட்டாது.

கே: ஆல்ஃபா கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில், புளூட்டோனியம்-238 இடத்தில் சிகரம் தெரிகிறது.

ப: அமெரிசியம்-241 ஆக இருக்கலாம்: அதன் ஆற்றல் 5.49, புளூட்டோனியத்துடையது 5.50 மெ.எ.வோ. (மெகா எலக்ட்ரான் வோல்ட்). வழக்கமான ஆல்ஃபா கருவி பிரிக்காது. 8 மோலார் நைட்ரிக் அமிலத்தில் அயனிப் பரிமாற்றக் குழாயை நன்றாகக் கழுவினால் அமெரிசியம் போய்விடும். தோரியம்-228ஐ நீக்க, பிறகு 9 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவுங்கள். முன்பே சோடியம் நைட்ரைட் போட்டுப் புளூட்டோனியத்தை நான்கு இணைதிறனுக்குக் கொண்டுவராவிட்டால் அதுவும் கழுவிலேயே போய்விடும்.

கே: கண்டறி வரம்புக்கு (நம்பகமாகக் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு) கீழே வந்தால் பூஜ்யம் எனப் பதியலாமா?

ப: கூடாது. வந்த எண்ணை, எதிர்மறையானாலும், பிழை வரம்போடு பதியுங்கள். மாதிரி எடுத்த இடத்தையும்.